கற்றல் குறைபாடுள்ள கல்லூரி மாணவர்களும் பணிக்கான ஆயத்தமும்

நம் நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களில் 2021-22ஆம் கல்வியாண்டில் பயின்றோர் ஏறத்தாழ 4.33 கோடிப் பேர் என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உயர்கல்வி பற்றிய அனைத்திந்திய ஆய்வு தெரிவிக்கிறது. இவர்களுள் சக்கர நாற்காலியில் வருபவரையும் வெண்கோல் ஏந்தி வருபவரையும் கண்டவுடன் அறிந்துகொள்கிறோம். ஆனால், ஆசிரியர் கேட்கும் வினாவுக்கு வாய்மொழியாகத் தெளிந்த விடை கூறிவிட்டு, அதே விடையைத் தாளில் எழுதப் பணித்தால் தடுமாறும் மாணவரை நாம் எளிதில் அறிந்துகொள்வதில்லை. அவரைக் கவனக்குறைவானவர் என்றோ, உழைக்க மனமில்லாதவர் என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். கற்றல் குறைபாடு கண்ணுக்குப் புலப்படாத குறைபாடு; அதன் முதல் இடர் இதுவே.

இத்தகைய மாணவர்கள் கல்லூரி வரை வந்து சேர்வதற்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் சட்டமும் தேர்வுச் சலுகைகளும் பெருந்துணை புரிந்துள்ளன. ஆயினும் அச்சலுகைகளில் பெரும்பாலானவை தேர்வுக்கூடத்தின் வாயிலோடு நின்றுவிடுகின்றன. பட்டம் பெற்ற இளைஞர் அலுவலகத்திலோ, தொழிற்கூடத்திலோ, வங்கியிலோ முதல் நாள் அடியெடுத்து வைக்கும்போது அவருடன் செல்வது எது? இவ்வினாவுக்குக் கல்லூரிகளும் அரசு அலுவலர்களும் விடை காண வேண்டிய காலம் வந்துள்ளது. சலுகை தேர்ச்சிக்கு உதவும். பணிக்கு வேண்டியது ஆயத்தம். அவ்வாயத்தம் கல்லூரியின் முதலாண்டிலேயே தொடங்கப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கற்றல் குறைபாடு: எது, எது அன்று

‘கற்றல் குறைபாடு’ என்னும் கருத்தை 1963ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வியறிஞர் சாமுவேல் கிர்க் பரவலாக வழக்கிற்குக் கொண்டுவந்தார். அதற்கு வெகு காலம் முன்பே, 1887ஆம் ஆண்டில், ஜெர்மானிய கண் மருத்துவர் ருடால்ப் பெர்லின் ‘டிஸ்லெக்ஸியா’ என்னும் சொல்லை உருவாக்கியிருந்தார். இன்று இக்குறைபாடு மூன்று முக்கிய வடிவங்களில் அறியப்படுகிறது. எழுத்தையும் ஒலியையும் இணைத்துச் சரளமாக வாசிப்பதில் ஏற்படும் இடர்ப்பாடு டிஸ்லெக்ஸியா. எண்ணத்தை எழுத்து வடிவில் தருவதில் ஏற்படும் இடர்ப்பாடு டிஸ்கிராபியா. எண்களின் அளவு, வரிசை, கணக்கு முறை ஆகியவற்றில் ஏற்படும் இடர்ப்பாடு டிஸ்கால்குலியா. ஒருவரிடமே இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை காணப்படுவதும் உண்டு.

இது அறிவுத்திறன் குறைவு அன்று. பார்வைக் குறையோ செவிக் குறையோ அன்று. போதிய கற்பித்தல் இல்லாமையால் வரும் பின்னடைவும் அன்று. மூளை மொழியையும் எண்களையும் கையாளும் முறையில் உள்ள வேறுபாடே இதற்கு அடிப்படை. வயது ஏறுவதால் இது மறைந்துவிடுவதும் இல்லை. பயிற்சியினால் வாசிப்பு சீர்படும். வேகக் குறைவும் எழுத்துப் பிழையும் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும். பள்ளிப் பருவத்துச் சிக்கலாக மட்டும் இதனைக் கருதுவது தவறு என்பது இதனால் விளங்கும்.

இந்தியச் சூழலில் மற்றொரு வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். தாய்மொழி வழியில் பள்ளிக் கல்வியை முடித்து, ஆங்கில வழிக் கல்லூரியில் சேரும் மாணவர் பாடநூலைப் படிக்கத் திணறுவது இயல்பு. அது மொழிப் பழக்கமின்மை, குறைபாடு அன்று. தாய்மொழியிலும் அதே திணறல் காணப்படுமாயின் அப்போதே கற்றல் குறைபாடு குறித்து ஐயுற வேண்டும். இதற்கு மாறான தவறும் நிகழ்கிறது. மெய்யாகவே குறைபாடுள்ள மாணவரை, “ஆங்கிலம் வரவில்லை, போகப் போகச் சரியாகிவிடும்” என்று கூறி விட்டுவிடுகிறோம். இந்திய மொழிகளிலேயே சோதித்தறியும் கருவிகள் இன்றியமையாதவை என்பதற்கு இதுவே காரணம். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015ஆம் ஆண்டில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் டிஸ்லெக்ஸியாவைக் கண்டறியும் சோதனைத் தொகுப்பை வெளியிட்டது இத்துறையில் குறிப்பிடத்தக்க முயற்சியாகும்.

சட்டம் கடந்து வந்த வழி

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டது. அவற்றுள் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகக் கூறியது. அக்கணக்கெடுப்பின் வகைப்பாட்டிலும் கற்றல் குறைபாட்டுக்குத் தனி இடம் இல்லை. ஆகவே, சட்டத்தின் பார்வையிலும் புள்ளிவிவரத்தின் பார்வையிலும் இம்மாணவர்கள் நெடுங்காலம் இல்லாதவர்களாகவே இருந்தனர்.

இக்காலத்தில் மாநிலங்களும் தன்னார்வ அமைப்புகளும் ஆற்றிய பணி நினைவுகூரத்தக்கது. மகாராஷ்டிர அரசு 1996ஆம் ஆண்டிலேயே பத்தாம் வகுப்புத் தேர்வில் இம்மாணவர்களுக்குச் சலுகைகள் அளித்தது. மும்பையில் மகாராஷ்டிர டிஸ்லெக்ஸியா சங்கமும் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கமும் ஆசிரியர் பயிற்சியிலும் பெற்றோர் விழிப்புணர்விலும் ஈடுபட்டன. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ என்னும் இந்தித் திரைப்படம் டிஸ்லெக்ஸியா என்னும் சொல்லை நாடெங்கும் கொண்டு சேர்த்தது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கைக்கு இந்தியா 2007ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஏற்பளித்தது. அதன் விளைவாக இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் ஏற்றுக்கொண்ட 21 குறைபாடுகளுள் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள்’ என்பதும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவரின் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை இச்சட்டத்தின் 17ஆம் பிரிவு வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. 32ஆம் பிரிவு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது. 34ஆம் பிரிவு அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது.

மாணவர்களும் அலுவலர்களும் தெளிவாகப் பிரித்தறிய வேண்டிய இரு உரிமைகள் இச்சட்டத்தில் உள்ளன. ஒன்று இட ஒதுக்கீடு. இது 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையவர் என்று சான்று பெற்றவருக்கு மட்டுமே உரியது. மற்றொன்று நியாயமான வசதியேற்பாடு. அதாவது, ஏனையோருடன் சமமாகப் பங்கு பெறுவதற்கு ஒருவருக்குத் தேவைப்படும் பொருத்தமான மாறுதல். இதற்கு அவ்விழுக்காட்டு வரம்பு இல்லை. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதனை நிலைநாட்டியது. எழுதும் கை இறுகிப்போகும் நரம்பியல் நிலை உள்ள ஒரு தேர்வர் குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரைக் கோரியபோது, 40 விழுக்காட்டு வரம்பைக் காட்டி அதனை மறுக்க இயலாது என்று நீதிமன்றம் கூறியது. அவரது நிலை நாம் இங்குப் பேசும் கற்றல் குறைபாட்டுடன் முற்றிலும் ஒன்றன்று. எனினும் தீர்ப்பின் கோட்பாடு இரண்டுக்கும் பொதுவானது. அதே ஆண்டு நவம்பர் 23 அன்று, டிஸ்கிராபியா உள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் உரிய கூடுதல் நேரம் மறுக்கப்பட்டதை நீதிமன்றம் அநீதி என்று கண்டித்து, அதற்குப் பரிகாரம் காணுமாறு தேர்வு நடத்திய அமைப்பைப் பணித்தது. விதி ஏட்டில் இருந்தும் தேர்வுக்கூடத்தில் அதனை அறிந்தவர் இல்லாமையால் ஒரு மாணவி இழப்புக்குள்ளானார் என்பதே அவ்வழக்கு உணர்த்தும் பாடம்.

சலுகை எதுவரை?

ஒதுக்கீடு மட்டுமே இம்மாணவர்களின் வேலைவாய்ப்புக்குப் போதுமா என்பதை எளிய கணக்கால் அறியலாம். அரசுப் பணியிலுள்ள 4 விழுக்காட்டில் முதல் 3 விழுக்காடு பார்வை, செவி, இயக்கம் ஆகியவற்றில் குறைபாடுள்ள பிரிவினருக்கு ஒவ்வொன்றாக உரியது. எஞ்சிய 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவை உடையோரும் பல்வகைக் குறைபாடுடையோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 100 பணியிடங்கள் கொண்ட பிரிவில் இவர்கள் அனைவருக்குமாகக் கிடைப்பது 1 இடம். அதுவும் அப்பிரிவினருக்கு ஏற்றதென அடையாளம் காணப்பட்ட பணியாக இருத்தல் வேண்டும். மத்திய அரசு 2021 ஜனவரியில் இவ்வாறு 3,566 வகைப் பணிகளை அடையாளம் கண்டு அறிவித்துள்ளது. இவ்வொதுக்கீடு மதிப்புமிக்கதே. ஆயினும், கற்றல் குறைபாடுள்ள பட்டதாரிகளில் பெரும்பாலோர் பொதுப் போட்டியிலும் தனியார் துறையிலும் சுயதொழிலிலுமே வாழ்வு தேட வேண்டியிருக்கும்.

தேர்வுச் சலுகைகளின் இயல்பையும் ஆராய்தல் வேண்டும். வணிகவியல் பயிலும் ஒரு மாணவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருக்கு டிஸ்கால்குலியா உண்டு. பள்ளியில் கணிதத்திற்கு மாற்றாக வேறு பாடம் எடுத்துத் தேறினார். பட்டம் பெற்றதும் வங்கி அலுவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறார். அத்தேர்வின் முதல்நிலையில் ஆங்கிலம், எண்சார் திறன், பகுத்தறியும் திறன் ஆகிய மூன்று பகுதிகள் உள்ளன. அவருக்குக் கூடுதல் நேரம் உண்டு. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத ஈடுசெய் நேரம் அளிக்குமாறு வகுத்தன. ஆனால், எண்சார் திறன் பகுதியிலிருந்து விலக்கு இல்லை. பள்ளியில் கிடைத்த விலக்கு அவரைத் தேர்ச்சி பெறச் செய்தது. ஆனால் அது அவரது வழிகளுள் ஒன்றையும் அமைதியாக அடைத்துவிட்டது. இதனை அவரிடம் எவரும் அன்று எடுத்துக் கூறவில்லை.

சொல்வதை எழுதுபவரின் உதவியும் இத்தகையதே. மூன்றாண்டுகள் வேறொருவர் கையால் தேர்வெழுதிய மாணவர், பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கோப்பில் குறிப்பு எழுதவும் கடித வரைவு அமைக்கவும் வேண்டியிருக்கிறது. அங்கு அவருக்காக எழுதுபவர் எவரும் இல்லை. இவ்வுதவி வேண்டாமென்பது இதன் பொருளன்று. அது அவரது உரிமை. அவ்வுரிமையைத் துய்த்த ஆண்டுகளிலேயே, தாமே எழுத்தைக் கையாளும் மாற்று முறை ஒன்றையும் அவர் பழகியிருக்க வேண்டும் என்பதே பொருள்.

ஆயத்தத்தின் நான்கு உறுப்புகள்

பணிக்கான ஆயத்தம் என்பது நேர்முகத் தேர்வுக்கு உடுத்திச் செல்லும் முறையையும் தன்விவரக் குறிப்பு எழுதும் முறையையும் கற்பிப்பதோடு முடிவதன்று. கற்றல் குறைபாடுள்ள மாணவருக்கு அது நான்கு உறுப்புகள் கொண்டது.

முதலாவது, தன்னை அறிதல். பள்ளிப் பருவத்தில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர் தந்தை; சான்றிதழைப் பாதுகாத்தவர் தாய்; தலைமையாசிரியரிடம் பேசியவரும் அவர்களே. தம் குறைபாட்டின் பெயரை அறிந்த மாணவர்கள் பலர், அது தம் அன்றாட வேலையில் எவ்விடத்தில் தடையாகிறது என்பதை அறியார். நீண்ட பத்தியைப் படிப்பதா, பெயர்களையும் தேதிகளையும் நினைவில் கொள்வதா, வாய்மொழிக் கட்டளைகளை வரிசை மாறாமல் நிறைவேற்றுவதா, எண்களைப் பிழையின்றிப் படியெடுப்பதா? எது கடினம், எது எளிது என்னும் தெளிவே தொழிலைத் தேர்ந்தெடுக்க அடிப்படையாகும். உலக மேதைகளின் பெயர்களை வரிசைப்படுத்தி, “அவர்களுக்கும் இக்குறை இருந்தது” என்று ஊக்கமூட்டும் வழக்கம் இங்குப் பயன் தருவதில்லை. குறைபாடு எவரையும் மேதை ஆக்குவதில்லை. மேதை அல்லாதவருக்கும் வேலை வேண்டும்.

இரண்டாவது, எடுத்துரைத்தல். ஒதுக்கீட்டு இடத்திற்கு விண்ணப்பிப்பவர் சான்றிதழைக் காட்டியே ஆக வேண்டும். பிற இடங்களில் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யலாம். ஆனால் சொல்லாமல் வசதி கோர இயலாது. சொல்லும் முறையைப் பழகியிருந்தால் அச்சம் குறையும். “நீண்ட அறிக்கையைப் படிக்க எனக்குக் கூடுதல் நேரம் ஆகும். கணினி வாசிக்கக் கேட்டால் விரைந்து புரிந்துகொள்வேன். கூட்டத்திற்கான தாள்களை முந்தைய நாளே தந்தால் போதுமானது.” தடை, அதனைத் தாம் சமாளிக்கும் வழி, பிறர் செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் இவ்வளவு சுருக்கமாகக் கூறப்படும்போது, கேட்கும் அலுவலர் அதனைச் சுமையாகக் கருதமாட்டார். இரக்கத்தை வேண்டுவதற்கும் வசதியைக் கோருவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மூன்றாவது, கருவிகளைப் பழகுதல். எழுத்தை ஒலியாக்கி வாசிக்கும் வசதியும், பேச்சை எழுத்தாக்கும் வசதியும் இன்று சாதாரணக் கைப்பேசியிலேயே இந்திய மொழிகள் பலவற்றில் கிடைக்கின்றன. அச்சிட்டதைப் படிக்க இயலாதோருக்காக நூல்களை வேறு வடிவில் மாற்றுவதை 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் அனுமதித்தது. இதே நோக்கம் கொண்ட 2013ஆம் ஆண்டின் மராக்கேஷ் உடன்படிக்கைக்கு உலகிலேயே முதன்முதலில், 2014ஆம் ஆண்டில், ஏற்பளித்த நாடு இந்தியா. வாசிப்புக் குறைபாடு உடையோரும் அவ்வுடன்படிக்கையின் பயனாளிகளே. 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் இணைய நூலகம் இத்தகைய நூல்களை வழங்குகிறது. பார்வையற்றோருக்கு மட்டுமே உரியவை இவை என்று எண்ணி ஒதுங்கிவிடும் மாணவர்களுக்குக் கல்லூரி நூலகர் இதனை எடுத்துக் கூறுதல் வேண்டும். கருவியை வேலை கிடைத்த பின் பழகலாம் என்று ஒத்திவைப்பது தவறு. கைக்குப் பழகிய கருவியே அவசரத்தில் உதவும்.

நான்காவது, பணியிடப் பழக்கம். வகுப்பறையில் பின்தங்கும் மாணவர் பணியிடத்தில் சிறப்பதும், வகுப்பறையில் சமாளித்தவர் பணியிடத்தில் இடறுவதும் உண்டு. இரண்டையும் முன்கூட்டி அறிய, செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கல்லூரி அலுவலகம், நூலகம், கூட்டுறவுப் பண்டகசாலை, ஊரிலுள்ள சிறு தொழிற்கூடம் ஆகியவற்றில் விடுமுறைக் காலத்தில் சில வாரங்கள் பணிபுரியச் செய்வது பெரும் செலவில்லாத முறையாகும்.

சான்றிதழ் பற்றிய சில குறிப்புகள்

கல்லூரி மாணவர்கள் பலர் இடறுவது சான்றிதழில்தான். 2018 ஜனவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள், கற்றல் குறைபாட்டுச் சான்று பெற்ற குழந்தையை 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் மதிப்பிட வேண்டும் என்றும், 18 வயதில் வழங்கப்படும் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றும் வகுத்தன. குறைபாடுகளை மதிப்பிடும் நெறிகள் 2024ஆம் ஆண்டில் திருத்தப்பட்டுள்ளன. பத்தாம் வகுப்பில் பெற்ற சான்றையே வைத்துக்கொண்டு கல்லூரியில் சேர்ந்து, பட்டம் முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது செல்லாது என்று அறிவது பெருந்துன்பம். விண்ணப்பத்தின் இறுதி நாள் மருத்துவக் குழுவின் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே, முதலாண்டிலேயே சான்றின் செல்லுபடியை நடப்பு விதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுதல் நன்று.

பள்ளியில் கண்டறியப்படாமல் கல்லூரிக்கு வந்துவிட்டவரின் நிலை இன்னும் கடினமானது. நெடுங்காலமாக வழக்கிலுள்ள நிம்ஹான்ஸ் சோதனைத் தொகுப்பு 5 முதல் 7 வயது, 8 முதல் 12 வயது ஆகிய இரு பிரிவினருக்கென அமைக்கப்பட்டது. இருபது வயது இளைஞரின் இடர்ப்பாட்டை அளக்கும் கருவிகளை இந்திய மொழிகளில் உருவாக்குவது நம் பல்கலைக்கழக உளவியல் துறைகள் மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணியாகும். கிராமப்புறத்திலிருந்தும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் இல்லங்களிலிருந்தும் வரும் மாணவர்களே இவ்வாறு கண்டறியப்படாமல் விடுபடும் வாய்ப்பு மிகுதி. சான்று பெறும் வசதி நகரத்தில் இருக்க, குறைபாடு நாடெங்கும் இருக்கிறது.

கல்லூரி செய்யத்தக்கவை

பல்கலைக்கழக மானியக் குழு மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிப் பிரிவுகளைக் கல்லூரிகளில் அமைக்க நெடுநாளாக ஊக்கமளித்து வந்துள்ளது. 2022ஆம் ஆண்டில் உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல் நெறிகளையும் வெளியிட்டது. இப்பிரிவும் வேலைவாய்ப்புப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இயங்குவது பொதுவான குறை. ஒன்று தேர்வுச் சலுகையைக் கவனிக்கிறது. மற்றொன்று நிறுவனங்களை அழைத்து ஆளெடுப்பு நடத்துகிறது. இரண்டுக்கும் இடையே விழுந்துவிடுபவர் மாணவர். அமெரிக்க நாட்டின் சட்டம் 16 வயது முதலே பள்ளிக்குப் பிந்திய வாழ்வுக்கான திட்டத்தை மாணவரின் தனிக் கல்வித் திட்டத்தில் சேர்க்குமாறு கூறுகிறது. நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் இல்லாவிடினும், கீழ்க்காணும் மூன்றாண்டு ஒழுங்கை எந்தக் கல்லூரியும் மேற்கொள்ளலாம்.

முதலாண்டு: சான்றிதழைச் சரிபார்த்தல், மாணவரின் வலிமை, தடை, உதவும் முறை ஆகியவற்றை ஒரு பக்க அளவில் அவரைக் கொண்டே பதிவு செய்தல், ஒரு கருவியையேனும் முழுமையாகப் பழக்குதல்.

இரண்டாமாண்டு: விடுமுறையில் பணியிடப் பயிற்சி, பயிற்சி அளித்தவரிடமிருந்து எழுத்து மூலமான மதிப்பீடு பெறுதல், அதன் அடிப்படையில் முதலாண்டுப் பதிவைத் திருத்துதல், விரும்பும் தொழிலுக்கான தேர்வுகளில் எவற்றுக்கு விலக்கு உண்டு, எவற்றுக்கு இல்லை என்பதை அறிந்து மாற்று வழியையும் தேர்ந்துகொள்ளுதல்.

மூன்றாமாண்டு: மெய்யான தேர்வு நடைபெறும் அதே முறையில், கூடுதல் நேரத்துடனும் எழுதுபவருடனும் மாதிரித் தேர்வுகள், நேர்முகத் தேர்வில் தம் தேவையை எடுத்துரைக்கும் பயிற்சி, உதவிப் பிரிவும் வேலைவாய்ப்புப் பிரிவும் மாணவருடன் ஒருசேர அமர்ந்து கலந்துரையாடுதல்.

இவற்றுள் எதற்கும் புதிய கட்டடம் வேண்டியதில்லை. பொறுப்பை ஏற்கும் ஆசிரியர் ஒருவரும், அவருக்கு வாரத்தில் சில மணி நேரமும் போதும். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகக் காத்தல் வேண்டும்: மாணவரின் குறைபாடு பற்றிய விவரம் அவரது இசைவின்றி அறிவிப்புப் பலகைக்கோ பிற மாணவருக்கோ செல்லலாகாது.

பணியளிப்போரின் கடமை

ஆயத்தம் மாணவரின் பக்கம் மட்டும் இருந்தால் போதாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு நியாயமான வசதியேற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 21ஆம் பிரிவு, தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. 23ஆம் பிரிவின்படி அரசு நிறுவனங்களில் குறைதீர் அலுவலர் இருத்தல் வேண்டும். அங்கும் தீர்வு கிட்டாதபோது மாநில ஆணையரையும் தலைமை ஆணையரையும் நாடலாம்.

அலுவலகத்தில் செய்யத்தக்க மாறுதல்கள் பெரும்பாலும் எளியவை. வாய்மொழியாகக் கூறிய கட்டளையைச் சிறு குறிப்பாகவும் தருதல். எழுத்தில் தந்ததை ஒருமுறை வாயாலும் விளக்குதல். அடிக்கடி செய்யும் பணிக்குப் படிநிலைப் பட்டியல் ஒட்டிவைத்தல். வழக்கமான கடிதங்களுக்கு மாதிரிப் படிவம் வைத்தல். சந்தடி குறைந்த இருக்கை அளித்தல். எண்களை மற்றொருவர் ஒப்பிட்டுப் பார்த்தல். இறுதியாகக் கூறியது எந்தக் கணக்கு அலுவலகத்திலும் எல்லாருக்கும் செய்யப்படுவதே. இம்மாறுதல்களால் ஏனைய ஊழியரின் பிழைகளும் குறையும்.

இதற்கு எல்லையும் உண்டு. மிகையான சுமையை நிறுவனத்தின் மீது ஏற்றாத மாறுதலையே சட்டம் நியாயமானது என்கிறது. மெய்ப்பு நோக்குவதே முழுநேரப் பணியாக உள்ள இடத்தில் எழுத்துப் பிழையைக் கண்டறிய இயலாதவர் நிலைப்பது அரிது. அதே இளைஞர் அவ்வச்சகத்திலேயே வாடிக்கையாளரைச் சந்திக்கும் பணியிலோ, வடிவமைப்புப் பணியிலோ சிறந்து விளங்கலாம். இதனைப் பணி நியமனத்திற்குப் பின் அறிவதைவிட, கல்லூரியில் இருக்கும்போதே அறிவது இரு தரப்பினருக்கும் நன்மை.

வழிகாட்ட அரசு அமைப்புகளும் உள்ளன. முன்னர்த் தொழில்சார் மறுவாழ்வு மையங்கள் என்று வழங்கிய மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையங்கள் தகுதியை மதிப்பிட்டு, பயிற்சியும் வேலைவாய்ப்பு உதவியும் அளிக்கின்றன. சுயதொழில் தொடங்க விரும்புவோருக்கு, 1997ஆம் ஆண்டில் தேசிய ஊனமுற்றோர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகமாகத் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் கடன் திட்டங்கள் உண்டு. இவற்றின் முகவரி மாணவர் கையில் இறுதியாண்டுக்கு முன்பே இருத்தல் வேண்டும்.

முடிவுரை

கற்றல் குறைபாடுள்ள மாணவர் ஒருவர் பட்டம் பெறுவதற்குள் அவரது பெற்றோரும் ஆசிரியரும் அரசும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கின்றனர். அவ்வுழைப்பு வேலையின்றி வீட்டில் முடங்கும் பட்டதாரியாக முடியுமானால் இழப்பு அவருக்கு மட்டுமன்று. சட்டம் வாயிலைத் திறந்து வைத்துள்ளது. கூடுதல் நேரமும் எழுதுபவரும் மாணவரைத் தேர்வுக்கூடத்தினின்று வெற்றியுடன் வெளிக்கொணர்கின்றனர். அதற்கு அப்பால் அவருடன் செல்லக்கூடியவை தம்மைப் பற்றிய தெளிவும், தேவையைத் தயங்காமல் எடுத்துரைக்கும் பழக்கமும், கைக்குப் பழகிய கருவியும், ஒருமுறையேனும் செய்து பார்த்த வேலையுமே. இவற்றைத் தருவது கல்லூரியின் கடமை. இவற்றுக்கு மதிப்பளிப்பது பணியளிப்போரின் கடமை. சேர்க்கைப் பதிவேட்டில் ‘கற்றல் குறைபாடு’ என்று குறிக்கப்படும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அம்மாணவரின் பணி ஆயத்தத்திற்குப் பொறுப்பேற்கும் ஆசிரியரின் பெயரும் எழுதப்படுமாயின், இவ்விரு கடமைகளும் நிறைவேறத் தொடங்கும்.